சுவருக்கு முந்தி வந்த கதவு

எனக்கென்று சொந்தமாக, வீட்டுக்குள்ளேயே, போத்தல் அடுக்கிய ஒரு பார் இருந்திருக்க வேண்டும். இல்லாமற்போனதற்குக் காரணம் ஒரு கதவு. இந்த அநியாயத்தை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவராவது என் பக்கம் நிற்க வேண்டுமே! எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஆகவே எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். மேலே இரண்டு அறைகள். கீழே, நிலத்துக்குள், சீமெந்துத் தரையும் சிலந்திவலையுமாக ஒரு பேஸ்மென்ற். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் செய்த முதல் வேலை பேஸ்மென்ற்றைத் திருத்துவது. ஆம்பிளைகள் அதற்குள் செய்த முதல் வேலை பார் கட்டுவது. பிறம்ரனில் எனக்குத் தெரிந்த ஒருவர் கட்டியிருந்தார். பின்னால் பெரிய கண்ணாடி, முன்னால் சுழலும் உயரக் கதிரைகள், மேலே நீல பல்ப். அதைப் பார்த்துவிட்டு வந்த நாள்தொட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுப் பழைய சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கண்டவுடன் தூக்கிக்கொண்டு வந்து பேஸ்மென்ற் சுவரில் சாத்திவைத்தேன். அரைவாசி பார் கட்டி முடிந்துவிட்டதாக மனம் ஆறியது.

ஆனால் முதலில் மச்சாளுக்கு ஓர் அறை கட்ட வேண்டியிருந்தது. மச்சாள் என்றால் என் மனைவியின் அக்கா, கலியாணம் கட்டாதவர். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அகதி முகாம், பிறகு கொழும்பில் லொட்ஜ், பிறகு பார்க்டேலில் யாரோ ஒருவரின் அப்பார்ட்மென்ற்றில் சேலையால் மறைத்த ஒரு மூலை, கடைசியில் எங்கள் வாடகை வீட்டு ஹோல் சோபா. நாங்கள் ரீவி பார்த்து முடிக்குமட்டும் அவர் காலை நீட்ட முடியாது. உடுப்பு மாற்றக் குளியலறைக்குள் போனால் அங்கேயும் நான் அவசரமாகப் போய்த் தட்டுவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. புது வீட்டில் உனக்கு என்ன வேணும் என்று மனைவி கேட்டபோது மட்டும் வாய் திறந்தார்.

"எனக்கு ஒரு கதவு வேணும். உள்ளுக்க இருந்து பூட்டுற கதவு. மற்றது எப்பிடி இருந்தாலும் காரியமில்லை."

கதவுதானே, அது என்ன பெரிய விசயம் என்று நானும் தலையாட்டினேன்.

வேலைக்கு வந்தவர் வெக்ஸ்போர்ட்டில் இருந்த என் சிநேகிதர். வீடு திருத்தும் ஒரு இத்தாலியனிடம் ஒரு கோடைகாலம் மட்டும் வேலைக்கு நின்றவர். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் இத்தாலி முழுவதையும் அவரே கட்டியதாக நினைப்பீர்கள். ஆணி வளைந்தால், "இத்தாலியன் இப்பிடித்தான் அடிப்பான்." அடித்த ஆணியைப் பிடுங்கினால், அதுவும் இத்தாலியன்தான். அவர் வெண்கட்டியால் தரையில் கோடு கீறினார். படியால் இறங்கினால் நடுவில் ஒரு சின்ன நடை. நடைக்குக் கிழக்கே இருந்த சின்னப் பகுதி மச்சாளின் அறை, அதற்கு ஒரு கதவு. மேற்கே இருந்த பெரிய பகுதி திறந்த ஹோல். அங்கேதான் என் பார். இரண்டு பேரும் கோட்டுக்குள் நின்று, இல்லாத பாரில் சாய்ந்து, இல்லாத கிளாசைத் தூக்கிப் பார்த்தோம். சுகமாக இருந்தது.

அப்போதுதான் மனைவி படியில் வந்து நின்றாள்.

"நிலை வைக்கிறதெண்டால் நாள் பாக்கவேணும்."

"உமக்கென்ன விசரே? இது அறைக் கதவு. வீட்டை எப்பவோ வெள்ளைக்காரன் கட்டி முடிச்சிட்டான்."

"நாள் பாக்காமல் கட்டினபடியால்தான் வித்துப்போட்டுப் போனவன்."

கோயில் ஐயருக்குப் போன் போனது. கீழ்வீடு என்றாலும் வீடுதானே, முதலில் நிலையை நாட்டிவிட்டுத்தான் சுவர் எழுப்ப வேண்டும் என்றார் ஐயர். வியாழக்கிழமை காலை நல்ல நேரம். அதை விட்டால் அடுத்த மாதம்தான்.

வியாழக்கிழமை சுவருக்கான மரம் வந்து சேரவில்லை. சட்டத்தோடு ஒரு கதவும் நாலு தடிகளும் மட்டும் இருந்தன. பரவாயில்லை என்று சிநேகிதர் வேலையைத் தொடங்கினார். மாவிலைக்கு எங்கே போவது? மனைவி பின்வளவில் விழுந்து கிடந்த மேப்பிள் இலைகளைக் கோத்து நிலையில் கட்டினாள். "சாமிக்குத் தெரியும்தானே, இது கனடா எண்டு." மஞ்சளும் சந்தனமும் பூசியாயிற்று. நல்ல நேரம் முடியப் போகிற கட்டத்தில் ஐயரிடமிருந்து இன்னொரு போன். மனைவி மேலேயிருந்து கத்தினாள்.

"வாசல் எந்தப் பக்கம் பாக்குது எண்டு ஐயர் கேக்கிறார்!"

கீறிய கோட்டின்படி கிழக்கு அறையின் கதவு நடையைப் பார்த்தது. அப்படியென்றால் மேற்கு. ஐயர் போனிலேயே பதறிவிட்டார். கிழக்கைப் பார்க்க வேண்டுமாம். கிழக்கைப் பார்க்க வேண்டுமென்றால் கதவு நடையின் மறுபக்கக் கோட்டில், என் ஹோல் வாசலில் நிற்க வேண்டும்.

"இப்போதைக்கு அங்க வையும். நேரம் போகட்டும். பிறகு கழட்டிச் சரியான இடத்தில வைப்பம்" என்றேன். இப்படி ஒரு வசனத்தைச் சொன்ன என் வாயில் அன்றைக்கே பிளாஸ்ரர் ஒட்டியிருக்க வேண்டும்.

சிநேகிதர் தடிகளை மேலே உத்தரத்திலும் கீழே சீமெந்திலும் இறுக்கிக் கதவை நிறுத்தினார். தேங்காய் உடைத்தோம். சுவரே இல்லாத வெறும் பேஸ்மென்ற்றில், மேப்பிள் தோரணத்தோடு, தன்னந்தனியாக ஒரு கதவு நின்றது.

பின்னேரம் வேலையால் வந்து கீழே இறங்கினேன். கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால், என் பார் வரவேண்டிய இடத்தில், மச்சாள் ஒரு கதிரையைப் போட்டு மடியில் கையை வைத்தபடி இருந்தார். சும்மாதான் இருந்தார். நான் கதவைச் சுற்றிக்கொண்டு போய், "என்ன மச்சாள், இஞ்ச இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"தம்பி, கதவைத் தட்டிப்போட்டு வாங்கோ."

"எந்தக் கதவை?"

"உந்தக் கதவைத்தான்."

கோபம் உச்சியில் ஏறியது. என்றாலும் மூத்தவர், என்ன செய்வது? திரும்பிச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டினேன்.

"ஆர்?"

கதவின் ஓரத்தால் தலையை நீட்டினேன். "உங்களுக்குத் தெரியேல்லையே, நான்தான் நிக்கிறன்!"

"தெரியுது. எண்டாலும் கேக்கவேணும்தானே." கதவின் பூட்டைப் பார்த்தபடி சொன்னார். "லொட்ஜில இருக்கேக்க கதவைத் தட்டினால் ஆரெண்டு கேக்கேலாது தம்பி. கேட்டால் செக்கிங் வாற பொலிசுக்குக் கோவம் வரும். கேக்காமல் திறந்துபோட்டு ஒதுங்கி நிக்கவேணும். எந்த நேரமெண்டாலும்."

நான் கேட்க வந்தது கதவை எப்போது கழற்றலாம் என்று.

இருந்தாலும் பார் என்றால் பார்தானே. அடுத்தநாள் மனைவியிடம் பேச்சை எடுத்தேன். நாட்டிய நிலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். சிநேகிதரைப் பார்த்தேன். ஒரு கதவை மாற்றி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்தத் துரோகி அளவுநாடாவை இழுத்து அளந்துவிட்டுச் சொல்கிறார்: "கதவு நிக்கிற இடத்துக்குத்தான் அண்ணை சுவர் போகும். இத்தாலியன் இப்பிடித்தான் செய்வான்."

அப்படியே சுவர் போயிற்று. பேஸ்மென்ற்றின் பெரிய பகுதி மச்சாளின் அறையாயிற்று. வீட்டு மின்சாரம் முழுவதையும் ஆளும் பிறேக்கர் பெட்டியும் அந்தப் பக்கத்துப் பழைய சுவரில்தான் இருந்தது, அதுவும் அவரிடமே போய்விட்டது. என் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் சேலை கட்டினார். எனக்குக் கிடைத்தது கிழக்கு மூலையில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. மெசின் சுழலும்போது போத்தல்கள் எல்லாம் கிலுகிலு என்று நடுங்கும். வந்த சிநேகிதர்கள் சோப்புத்தூள் பெட்டியில் கிளாசை வைத்துக் குடித்தார்கள். நீல பல்ப் மட்டும் போட்டேன். வெள்ளை உடுப்பெல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று மனைவி அதையும் கழற்றிவிட்டாள்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டில் விருந்தாளிகள். மனைவி றைஸ் குக்கரையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட, ஹோலில் யாரோ ஹீற்றரையும் போட, டக்கென்று மேல்வீடு முழுக்க இருண்டுபோனது. ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு படியிறங்கினேன். இப்போது சுவர் இருந்தது. சுற்றிக்கொண்டு போக வழி இல்லை. தட்டினேன்.

"ஆர்?"

அவசரத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நான்தான்!"

"நான்தான் எண்டால் ஆர்?"

பிறகு கோபம் வராதா? இந்த வீட்டுக்குக் கடன் கட்டுகிறவன், உங்கள் தங்கச்சியின் புருசன் என்று ஒரு வசனம் தொண்டை வரை வந்தது. அதோடு அந்த லொட்ஜும் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"உங்கட மச்சான் வந்திருக்கிறன், மச்சாள். மேல கரண்ட் போயிட்டுது."

உள்ளே செருப்புச் சத்தம் ஆறுதலாக நடந்தது. பெட்டி திறக்கிற சத்தம். பிறகு ஒரு டிக். மேலே வெளிச்சம் வந்து விருந்தாளிகள் எல்லாரும் ஒரேயடியாகக் கை தட்டினார்கள்.

கதவு திறக்கவில்லை. கையில் மெழுகுதிரியோடு அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"வேற ஏதும் வேணுமே தம்பி?"

"ஒண்டும் வேண்டாம் மச்சாள். நீங்கள் இருங்கோ."

"அப்ப நான் பிறகு மேல வாறன்" என்றார் உள்ளேயிருந்து. குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. திரும்ப வந்து மெசினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துவிட்டு மேலே போனேன்.