கோபமில்லை, டிஸப்பாயிண்டட்

மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவளுக்குத் தூக்கம் போக எத்தனையோ காரணம் இருக்கும். எனக்குப் போனது ஒரு இங்கிலீஷ் வார்த்தையால். இத்தனைக்கும் நான் இங்கிலீஷ் டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகையை ஆண்டாள் சன்னதியில் வைத்தோம். அடுத்தது தாய்மாமனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, மகாராஜபுரத்தில் தென்னையும் வாழையுமாக இருக்கிறார். எனக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். புருஷனும் பொண்டாட்டியுமாகத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து எடுத்துப் போய், தாய்மாமன் கையில்தான் பத்திரிகையைக் கொடுக்க வேண்டும். மாமன் மாலை எடுத்துக் கொடுத்த பிறகுதான் பெண் மேடை ஏறும். இதெல்லாம் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மகாராஜபுரத்துக்குப் பக்கத்தில் வத்திராயிருப்புக்கு வேறு ஜோலியாகப் போன மனுஷன், ஒரு அலைச்சல் மிச்சம் என்று, பையில் இருந்த பத்திரிகையோடு தனியாக அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. அப்படியே திரும்பியிருக்கலாம் இல்லையா? கேட் கம்பிக்கு நடுவில் பத்திரிகையைச் செருகிவிட்டு, கரண்ட் பில் போட்டவர் மாதிரி வந்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து வாட்ஸப் வந்தது. இங்கிலீஷில். "ஐ ஆம் நாட் ஆங்க்ரி. ஒன்லி டிஸப்பாயிண்டட்."

போனை அப்படியே நீட்டினேன். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "மச்சான்தான் கோவம் இல்லன்னு எழுதியிருக்காவல்ல? பொறவென்ன, விடு" என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். அவள் பதறிவிட்டாள். "ஐயோ அம்மா, அது ஆங்க்ரியை விட மோசம். எங்க மேனேஜர் கத்துனா நான் கண்டுக்கவே மாட்டேன். டிஸப்பாயிண்டட்னு மெதுவாச் சொன்னாருன்னா எனக்குச் சோறு எறங்காது. மாமா வரலைன்னா யாரும்மா மாலை எடுத்துக் குடுப்பா?"

கடைசியில் அவள் கேட்டாளே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வகுப்பில் அன்றைக்கென்று கோபதாப வார்த்தைகள் பாடமே வந்து வாய்த்தது. காதோரம் கொசு பாடினால் அனாய்டு. பக்கத்துப் பிள்ளை பேனாவை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்றால் ஆங்க்ரி. எடுத்தது உயிர்த்தோழி என்றால் ஹர்ட். அப்செட்டுக்கு ஒரு வாக்கியம் கேட்டேன். அண்ணன் எல்லா புரோட்டாவையும் தின்றுவிட்டதால் என் வயிறு அப்செட் என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே உருண்டு சிரித்தது. "எதுக்கு மிஸ் இம்புட்டு வார்த்தை? நாங்க எல்லாத்துக்கும் டென்ஷன்னு சொல்லிக்கிடுதோம்ல" என்றாள் இன்னொருத்தி. டிஸப்பாயிண்டட் என்றால் ஏமாற்றம் என்று போர்டில் எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதை எதிர்பார்த்து ஏமாந்தார் அண்ணன்?

எந்தச் சங்கடம் என்று தெரிந்தால்தானே அதற்கு ஏற்ற மாதிரி போய் நிற்க முடியும்? கோபம் என்றால் எனக்குக் கவலையே இல்லை. நானும் திருப்பிக் கத்துவேன், ரசம் ஊற்றும் முன்னால் சமாதானம் ஆகிவிடும், எங்கள் குடும்பக் கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். வருத்தம் என்றால்தான் பயம். எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு வருத்தம் என்றால் நல்லது பொல்லாதது எதற்கும் போக்குவரத்து கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தட்டோடு இரண்டு பேரும் கிளம்பினோம். பால்கோவா வாங்கலாமா என்றார் வீட்டுக்காரர். "அண்ணனுக்குச் சுகர். அவரைச் சமாதானப்படுத்தணுமா, ஆஸ்பத்திரியில சேக்கணுமா?" என்றேன். கடையைத் திரும்பிப் பார்த்தபடியே வந்தார்.

அண்ணன் வாசலிலேயே நின்றார். "வாட்டி. வாங்க மாப்பிள்ள" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனால் கூடத்தில் புது நாற்காலிகள், பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல். மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பத்திரிகை அடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டதுலேருந்து அவிய வயலுக்குக்கூட ஒழுங்காப் போகல தெரியுமா? தங்கச்சி தட்டு தூக்கிட்டு வரும்போது வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதாம். தெனம் காலையில குளிச்சி, வெள்ளச் சட்டையப் போட்டு வாசல்ல உக்காந்துகிடுதாவ. இந்த நாற்காலியும் உங்களுக்காகத்தான். அன்னைக்குப் பிளவக்கல் அணையில தண்ணி தொறக்காங்கன்னு செத்த நேரம் பாத்துட்டு வருவோம்னு நாந்தான் இழுத்துட்டுப் போனேன். வந்து பாத்தா கேட்டுல பத்திரிகை தொங்குது."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டை இரண்டு பேருமாகப் பிடித்து நீட்டினோம். அண்ணன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

"அண்ணே, கோவம்தானே? ரெண்டு வார்த்தை வைஞ்சிரு, கேட்டுக்கிடுதோம்" என்றேன்.

"கோவம்னா தமிழ்லயேல்லா எழுதியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் தைரியம் வந்து சிரித்தார். அண்ணன் அப்போதுதான் பத்திரிகையைப் பிரித்துத் தாய்மாமன் என்ற இடத்தில் தன் பெயரைத் தேடிப் பிடித்து, விரல் வைத்துப் படித்தார். மாலையை மதுரையில் சொல்லிக் கட்டவேண்டும், ராஜபாளையத்தில் நம்பமுடியாது என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மதினி விடவில்லை. "மொதல்ல போன்ல வேற என்னமோ அடிச்சீகளே, அதச் சொல்லுங்க உங்க தங்கச்சிக்கிட்ட."

"நீ சும்மா கெட" என்றார் அண்ணன்.

"என்னண்ணே அடிச்ச?"

அவர் பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னார். "ஹர்ட்னு அடிச்சேன். பொறவு அழிச்சிட்டேன். அதப் பாத்தா நீ அழுவேல்ல?"

அழித்தும் என்ன பிரயோஜனம்? அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.