தறிச் சத்தமும் சித்தி வயிறும்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் சித்தியும் சினை, பசுவும் சினை என்று நான் சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். பசுவுக்கு எப்போது வலி எடுக்கும் என்று எல்லோரும் ஆசையாகக் காத்திருந்தார்கள். சித்திக்கு மட்டும் வலி வந்துவிடக் கூடாதென்று சாமிக்குக் காசு முடிந்து வைத்தார்கள். முன்பு வயிற்றில் வந்தது தங்காமல் போயிருந்ததாம். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

பசுவைப் பார்க்க வந்த மாட்டு டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "சினை புடிச்சா சினைப்பையில ஒரு கட்டி வளரும் பாப்பா. அது விடுற ஹார்மோன்தான் கர்ப்பப்பை தசையைத் தூங்க வெச்சுக்கினு இருக்குது. அது குறைஞ்சு இன்னொரு ஹார்மோன் ஏறிச்சுன்னா தசை முழிச்சிக்கும். அப்பதான் வலி." சித்திக்கு வலி வராமலிருக்கப் போடுகிற ஊசியும் அந்தத் தூங்க வைக்கிறதுதானா என்றேன். "அதேதாம்மா," என்று சிரித்தார்.

அடக் கடவுளே! தூங்குகிற வயிற்றுக்குப் பக்கத்திலா சித்தப்பா நாள் பூராவும் தறி அடிக்கிறார்? அவர் சாப்பிடப் போன நேரம், நூலை இங்குமங்கும் ஓட்டுகிற நாடாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் மாட்டுத் தவிட்டு டிரம்மில் புதைத்தேன்.

சித்தப்பா வீட்டைப் புரட்டிப்போட்டார். நான் அழுதுகொண்டே காரணத்தை உளறினேன், இடத்தைச் சொல்லவில்லை. "சரி, தூங்கட்டும்," என்று மட்டும் சொன்னார். கல்யாணப் புடவை பாதியில் நின்றது. முதலாளி அனுப்பிய ஆள் வாசலில் நின்று கத்தினார். "நாடா காணோம்ணா, இன்னாத்த பண்றது?" என்று சித்தப்பா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். புதுசு வாங்கேன் என்று அப்பா சொன்னால், காதில் விழாதவர் போல மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விடுவார்.

பசு கன்று போட்டது. சித்திக்கு ஊசியை நிறுத்தியாயிற்று, குறித்த நாளும் தாண்டியது. வலி வரவில்லை. இப்போது வலி வரட்டும் என்று எல்லோரும் வேண்டினார்கள்! நான் எந்தப் பக்கம் வேண்டுவதென்று தெரியாமல் முழித்தேன்.

அன்று காலை சித்தப்பா தறியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "தூங்குனது போதும் பாப்பா. தவிட்டு டிரம்முல இருக்குற நாடாவ எடுத்துக்கினு வா. எழுப்பலாம்."

அவர் அடித்த அடியில் தெருவே அதிர்ந்தது. சாயங்காலம் தம்பி பிறந்தான். என்னால்தான் பிறந்தான் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. நாடா டிரம்மில் இருப்பதை சித்தப்பாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?