புதுக் காசு வந்த நாள்

"தேதி தெரியாட்டி போகுது. அன்னைக்கு நாட்டுல என்ன நடந்துது, அதைச் சொல்லு" என்பார் சுந்தராம்பாள் டீச்சர்.

எதிரே, இடுப்பில் ஒரு பிள்ளையும் பள்ளியில் சேர்க்கக் கைப்பிடியில் ஒரு பிள்ளையுமாக நிற்கும் தாய் விழிப்பாள். "இன்னா நடந்துச்சி? இடுப்பு வலிதான் நடந்துச்சி" என்பாள். டீச்சர் சிரிக்க மாட்டார். யாராவது பெரிய தலைவர் செத்தாரா, புயல் அடித்ததா, ரயில் கவிழ்ந்ததா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். தாயின் முகத்தில் ஏதோ ஒன்று பளிச்சிடும். "ஆங், நேரு செத்தாரே! அதுக்கு மறுநா, வெடிகால." பேனா அடுத்த நொடியே ஓடும்: 28-5-64. பக்கத்துக் கட்டத்தில் பொடி எழுத்தில், "நேரு மறைந்த மறுநாள்."

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டுக் கட்டடமும் ஒரு வேப்பமரமுமாக உள்ள ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியை. வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புவார். மற்றப் பள்ளிகளில் பிள்ளையைக் கொண்டுபோனால், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி ஜூன் ஒன்று. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அதைக் கேட்டாலே டீச்சருக்கு முகம் சுண்டிவிடும். "ஊர்ல அத்தனை பேரும் ஒரே நாள்ல பிள்ளை பெத்தாங்களா?" என்பார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. அவருக்கே ஜூலை ஒன்று என்று யாரோ ஒரு வாத்தியார் எழுதிவிட்டதுதான். அம்மா சிறுவயதிலேயே போய்விட்டாள். விவரம் தெரிந்து கேட்டபோது சொல்ல ஆளில்லை. "நல்ல வெயில்னு நினைக்கிறேன்" என்றார் ஒரு மாமா. "இல்லையே, மழை" என்றார் இன்னொருவர். தான் எந்த நாளில் இந்த உலகத்துக்கு வந்தோம் என்று தெரியாமலே ஒரு மனுஷி பென்ஷன் வாங்கப் போகிறாள் என்பது அவர் மனத்தில் முள்ளாகவே இருந்தது.

அதனால் ஒரு நோட்டு வைத்திருந்தார். இரண்டு நீள நோட்டுகளைச் சேர்த்துத் தைத்தது. நாளுக்கு ஒரு பக்கம். பத்திரிகையில், ரேடியோவில், பஸ்ஸில் யாரோ பேசுவதில் எது காதில் விழுந்தாலும் அந்தந்த நாளின் பக்கத்தில் ஏறும். நவம்பர் 23, அரியலூர் ரயில் விபத்து. பிப்ரவரி 3, அண்ணா மறைவு. டிசம்பர் 22, தனுஷ்கோடிப் புயல். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு ஒதுக்கிய பக்கம் மட்டும் வெறிச்சென்று கிடக்கும். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் கணவர் கோதண்டராமன், "நாட்டுல எது நடந்தாலும் உனக்கு ஒரு பிள்ளை பிறந்துடுது" என்று கிண்டல் செய்வார்.

ஒருமுறை ஒரு தாய், "எட்டுக் கெரகம் ஒண்ணா சேந்து ஒலகம் அழியப் போவுதுன்னு, கீறதெல்லாம் பொங்கித் துன்னோமே, அப்ப" என்றாள். அது பிப்ரவரி மூன்று முதல் ஐந்து வரை, மூன்று நாள் விஷயம். "முதல் நாளா, நடுநாளா, கடைசி நாளா?" என்று கேட்டார் டீச்சர். "அழியலன்னு தெரிஞ்ச அன்னிக்கு" என்றாள் அவள். பிப்ரவரி ஆறு என்று எழுதிக்கொண்டார். அன்று முழுக்க அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அவர் போட்ட தேதிகள்மீது அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு எண்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் சோதனை வந்தது.

ஒரகடம் சாலையில் லாரி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். எட்டாவது படித்திருக்க வேண்டும். ஜூலை முதல் தேதியன்று வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கன்னியப்பன் உள்ளே வந்தான். அந்தப் பள்ளியில் படித்தவன். ரூபாய்க்கு நூறு என்ற புதுக் காசான நயா பைசா புழக்கத்துக்கு வந்த நாளில் பிறந்தவன் என்பதால் டீச்சர் அவனை 'நயா பைசா' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் ஊரிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதிவேட்டில் அவன் தேதி 1-4-57.

"மூணு மாசம் டீச்சர். மூணு மாசம் ஜாஸ்தியாப் பூட்ச்சின்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

டீச்சர் பெஞ்சைக் காட்டினார். அவன் உட்காரவில்லை.

"எதுத்த வூட்டு அண்ணாதுரைக்கு வேல கெடச்சிடுச்சி. என்னை இடுப்புல தூக்கி வெச்சிக்கினு திரிஞ்சவன் அவன். வேற இஸ்கூல்ல அம்பத்தெட்டு ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாங்க. இப்ப கணக்குக்கு என்னவிடச் சின்னவனாயிட்டான்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் டீச்சரைச் சங்கடப்படுத்தியது. "அந்த ஏழ எட்டாக்கிட்டா போதும் டீச்சர். ஒரு சுழிதான். ரிஜிஸ்டரு உங்க பீரோலதான கீது?"

"அது நான் கேட்டு எழுதின தேதிப்பா. அதுல கை வைக்க மாட்டேன்."

"தெரியும் டீச்சர். நீங்க மாட்டீங்கன்னு அம்மாவும் சொல்லிச்சி." சைக்கிளை எடுத்தான். "நெலத்தையும் குட்த்தாச்சி. இன்னும் இன்னா பண்றதுன்னு தெரியல."

உண்மையான தேதியைப் போட்டதால் ஒருவன் பிழைப்புப் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஜூன் ஒன்று எழுதிய வாத்தியாரால் இன்னொருவன் பிழைத்தான். அந்த வாரம் முழுக்க இதுவே டீச்சரைப் பிடுங்கித் தின்றது. வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது, கரும்பலகையில் எழுதிய ஏழையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவராகவே பஸ் ஏறிக் கன்னியப்பன் வீட்டுக்குப் போனார். திருத்தம் செய்யப் போகவில்லை. முடியாது என்பதைப் பெற்றவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். திட்டினால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தார்.

கன்னியப்பனின் தாய் கிளியம்மாள் திட்டவில்லை. முறத்தை ஒதுக்கிவிட்டு, சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும் என்றாள். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் ஓலை வண்டி இக்கரைக்கு வராது என்றாள்.

"இவன் பொறந்த அன்னிக்கே அந்த ஓடையாலதான் ரோதன. இடுப்பளவு தண்ணி. மருத்துவச்சி செங்கமலத்த இவங்கப்பன் தோள்மேல ஒக்கார வெச்சிக்கினு வந்தாரு. அந்தம்மா பயந்துபோயி அவரு தலமயிரப் புடிச்சிக்கினு கத்துது."

டீச்சர் கையிலிருந்த சொம்பு பாதி வழியில் நின்றது. "ஏப்ரல் மாசத்துல ஓடையில ஏது தண்ணி?"

"ஏப்ரல் இன்னா ஏப்ரலு? புள்ள பொறந்து நாலாம் நா தீவாளி. ஊரே எண்ண தேச்சித் தலமுழுவுது, நான் பச்ச ஒடம்புக்காரி படுத்துக்கினு கீறேன்."

"நீங்கதானே சொன்னீங்க, புதுக் காசு வந்த அன்னைக்குப் பிறந்தான்னு?"

"ஆமா, அன்னிக்குத்தான் வந்திச்சி. வாலாஜாபாத் சந்தையில கடலக்கா போட்டுட்டு இவங்கப்பன் கொண்டாந்தாரு. அதுக்கு முன்ன எங்க ஊர்ல யாரு கண்டாங்க? தம்மாத்தூண்டு காசு, செகப்பா, மினுமினுன்னு. உள்ளங்கையில வெச்சிப் பாத்துக்கினே இருந்தேன், வலி வந்துடுச்சி."

டீச்சர் சொம்பைக் கீழே வைத்தார். தில்லிக்காரர்கள் ஏப்ரல் முதல் தேதி வெளியிட்ட காசு, ஓடையைத் தாண்டி இந்த வீட்டுக்கு வந்து சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவள் சொன்னது முழுக்க உண்மை. தாம் எழுதியதுதான் பொய்.

"அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே, கிளியம்மா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க எழுதி, ஒத்துத்தாள வெச்சி மைய ஒத்தியும் எடுத்துட்டீங்க. படிச்சவங்க, நம்மளவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்னு வுட்டுட்டேன்."

அன்றைக்கே செங்கமலத்தின் வீட்டுக்கும் போனார். தேதி, வேலை எதையும் வாயிலிருந்து விடாமல், "கிளியம்மா மூத்த பிள்ளையை எப்போ எடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "அந்தப் பாவி என்ன ஓடையில போட்டுருப்பானே!" என்று ஆரம்பித்துத் தீபாவளி வரைக்கும் வந்து நிறுத்தினாள் செங்கமலம். மறுநாள் வாலாஜாபாத்தில் ஒரு புரோகிதர் வீட்டுப் பரணிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை இறக்கிப் பார்த்தார். ஐம்பத்தேழில் தீபாவளி அக்டோபர் 22. அப்படியானால் பையன் பிறந்தது 19. ஜூலை முதல் தேதிக்கு அவனுக்கு இருபத்தைந்து ஆகவில்லை.

தொழிற்சாலையின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆள் எடுக்கும் அதிகாரி, அவர் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார். "எல்லாருக்கும் இப்பதாம்மா ஞாபகம் வருது. நேத்து ஒருத்தர் வந்தாரு, பையனுக்கு மூணு வயசு குறைஞ்சிருக்கு." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். டீச்சருக்கு அந்தப் பார்வை புரிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. எழவில்லை. "திருத்த ஆர்டரைக் கொண்டாந்தா எடுத்துப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள வந்தா பார்க்கலாம்" என்றார் அவர்.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துப் படியேறி இறங்கினார் டீச்சர். இரண்டு பெண்களின் கைநாட்டு வாக்குமூலம், பஞ்சாங்கத்தின் நகல், தம்முடைய விண்ணப்பம். திருத்தம் என்ற வார்த்தையையே காது கொடுத்துக் கேட்காதவர் என்று அவரை அறிந்திருந்த அதிகாரி, "நீங்களா?" என்று கேட்டு, மேலும் கீழும் படித்து, கையெழுத்துப் போட்டார். இருபத்து நான்காம் தேதி ஆர்டர் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் கன்னியப்பன் காக்கி உடுப்பில், கடைசி ஆளாக, உள்ளே போனான். ஊரில் சிலர் "டீச்சரும் மசிஞ்சிட்டாங்க பாரு" என்று பேசிக்கொண்டார்கள். அது டீச்சர் காதிலும் விழுந்தது.

இப்போது அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறார். இடப்பக்கம் பழையபடி நடந்த நாள். வலப்பக்கத்துக்கு 'ஊருக்கு வந்த நாள்' என்று தலைப்பு. அந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். ஏப்ரல் ஒன்று என்று அவர் தேதி போட்டவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்; அவளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எனக்கு இன்னாத்துக்கு டீச்சர் தேதி?" என்று அவள் சிரித்தாளாம். "தெரிஞ்சு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நவம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. பதிவேட்டில் தவறான பிறந்த தேதி எப்படி ஏறியது, அதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். உதவி ஆசிரியர் தாவீதுக்கு இப்படிப்பட்ட கடிதங்களில் கை தேர்ந்த பழக்கம். மத்தியான இடைவேளையிலேயே பதிலை எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எழுத்துப் பிழைன்னு போட்டிருக்கேன் டீச்சர். பத்தொம்பது, பத்துன்னு எழுத வேண்டிய இடத்துல ஒண்ணு, நாலுன்னு கை தவறிடுச்சி, அவ்ளோதான். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வேற ஏதாவது எழுதினீங்கன்னா இன்கிரிமெண்டுல கை வெச்சிடுவாங்க."

"சரி" என்றார் டீச்சர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாவீதின் வாசகத்தை வெள்ளைத் தாளில் வரிக்கு வரி பிரதி எடுத்தார். பெயர், பள்ளி, பதிவு எண், மாணவர் பெயர். 'எழுத்துப் பிழை' வரைக்கும் வந்து, அதையும் எழுதி முடித்தார். பிறகு ஸ்கேலை எடுத்து அந்த இரண்டு சொற்களின்மேல் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே, சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் அதே பொடி எழுத்தில் எழுதினார்: "தாயார் சொல்லி முடிக்குமுன் நான் எழுதி முடித்துவிட்டேன்."

மை காயும்வரை கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்து, கையெழுத்துப் போட்டார்.