சித்தப்பா எடுத்த முதல் ஆள்

எங்கள் சித்தப்பாவுக்கு ஆள் தெரிவுசெய்யத் தெரியாது என்று ஒடென்சே நகரத் தமிழர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதற்குக் காரணம் ஒன்பது வயதான நான்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே வருசாவருசம் உள்ளரங்க ஹொக்கிப் போட்டி நடக்கும். ஊருக்கொரு அணி வைத்தால் பெரிய ஊர்தான் வெல்லும் என்பதால், பிள்ளைகளையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டு, நாலு மாமாமார் முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். தெரிந்தவர்களின் காரில் அம்மாவும் நானும் அதைப் பார்க்கப் போயிருந்தோம். சீட்டுக் குலுக்கியதில் முதல் முறை சித்தப்பாவுக்கு. ஸ்கீவ என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பொடியன் அடித்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. அவனைத்தான் எடுப்பார் என்று எல்லாரும் இருக்க, சித்தப்பா என் பெயரைச் சொன்னார். அதுவும் கோல் கீப்பராக!

"உமக்கென்ன விசரே? கோல் கீப்பரை ஆரும் முதல் எடுப்பினமே? கடைசியா மிஞ்சிற பிள்ளையைத்தானே அங்க நிப்பாட்டுறது!" என்று பக்கத்திலிருந்த மாமா தலையில் கைவைத்தார்.

"மற்றப் பிள்ளையள் ஒரு கிழமை வராட்டில் சமாளிக்கலாம். கோல் கீப்பர் ஒவ்வொரு சனியும் பயிற்சிக்கு வந்தே ஆகோணும்" என்றார் சித்தப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டே தரம் கோலில் நின்றிருக்கிறேன், அதுவும் எனக்கு ஓட வராததால். என் திறமை எப்படியோ ஒடென்சே வரை எட்டிவிட்டது என்று நம்பினேன்.

ஒரு சங்கடம் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கதைத்து இரண்டு வருசம். சித்தப்பாவின் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியச் சடங்கு அழைப்பிதழில் அப்பாவின் பெயர் விடுபட்டுப்போனது. அச்சடித்தவரின் பிழை என்று சித்தப்பா எத்தனையோ பேரிடம் சொல்லியனுப்பியும் அப்பா இறங்கிவரவில்லை. கைத்தொலைபேசியில் தம்பியின் பெயர் தெரிந்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். நாங்கள் இருந்தது கிரின்ஸ்டெட் என்ற தூரத்து ஊரில். அங்கிருந்து காரில்லாமல் ஒடென்சே போவது நடக்கிற காரியமில்லை. அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. நான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவைச் சம்மதிக்கவைத்தேன்.

"கொண்டுபோய் விடுவன். உள்ளுக்கு வரமாட்டன்" என்றார்.

அப்படியே காருக்குள் தேத்தண்ணிப் போத்தலோடு இருந்தார். ஜனவரிக் குளிர் தாங்காமல் ஒரு சனி வாசல்வரை வந்தார். அடுத்த சனி கதவுக்கு உள்பக்கம் நின்றார். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நானோ வந்த பந்தையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தேன். "அடுத்த சனியும் கட்டாயம் வா பிள்ளை" என்பதைத் தவிர அவர் எனக்கு வேறொன்றும் சொல்லித்தரவில்லை.

போட்டியன்று ஸ்கீவப் பொடியன் ஆறு கோல் அடித்தான். ஏழாவது பந்து என் நெற்றியில் பட்டது. வெறும் பிளாஸ்டிக் பந்துதான், ஆனாலும் நான் "ஐயோ" என்று விழுந்துவிட்டேன். கதவடியில் நின்ற அப்பா சப்பாத்துக் காலோடு ஓடிவந்தார்.

"எடேய், பிள்ளையின்ர தலைக்கு ஒண்டும் போடாமல் ஏனடா நிப்பாட்டினனி? உனக்கு மூளையிருக்கே?"

இரண்டு வருசத்துக்குப் பிறகு அவர் தன் தம்பியோடு கதைத்த முதல் கதை அதுதான்.

"ஓம் அண்ணை. என்ர பிழைதான் அண்ணை" என்றார் சித்தப்பா. ஏச்சு வாங்குகிற மனுசன் சிரிக்கிறார், கண்ணையும் துடைக்கிறார்! நெற்றி புடைத்துக் கிடந்த எனக்கு வந்த கோபம் சொல்லிமாளாது.

அன்று பின்னேரம் சித்தப்பா வீட்டில் இடியப்பமும் சொதியும். அப்பா மூன்றாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்றதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. பாவம், என் மனம் நோகக்கூடாதென்று பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தச் சாப்பாட்டு மேசை அப்படியே திரும்பக் கிடைக்குமென்றால் இன்னும் ஒன்பது கோல் விடுவேன்.

அடுத்த வருசமும் முதல் முறை சித்தப்பாவுக்கே விழுந்தது. பக்கத்துக் கதிரையில் அப்பா பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் ஸ்கீவப் பொடியனை எடுத்தார். கடைசிவரை அவர் வாயில் என் பெயர் வரவேயில்லை. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்த கோல் கீப்பரை ஏன் கைவிட்டார் என்று எனக்கு விளங்கவேயில்லை. நான் ஒரு மாதம் சித்தப்பாவோடு கதைக்கவில்லை.