ஐந்தரைக் கட்டை

எனக்கு ஐந்தரைக் கட்டை சுருதி. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிக்கொள்வேன், அவ்வளவு கர்வம். அந்த உயரத்தில் நின்று மேல் ஸட்ஜத்தைப் பிடித்தால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் சுருதிக்கு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி இருந்தது. ஊருக்கே அது புதுசு, எங்களுக்கு வந்தது மட்டும் பழசு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கிடந்ததை என் கணவர் வாங்கி வந்தார். வந்த அன்றைக்கே கழற்றிவிட்டார். எதையும் கழற்றாமல் வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. பெரிய ஸ்பீக்கர் போட்டு, பழைய ரேடியோவின் மரக்கூட்டுக்குள் அதைக் குடிவைத்தார். நாதம் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கழுத்தில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, குரலும் இறங்கிவிட்டது. மேலே போனால் வெறும் காற்றுதான் வந்தது.

"ஒரு கட்டை குறைச்சு வச்சுப் பாடேன்" என்றார் என் கணவர்.

"அதுக்கு வாயை மூடிக்கிட்டே இருக்கலாம்."

மாதக்கணக்கில் மூடிக்கொண்டும் இருந்தேன். பாடாமல் இருப்பது எனக்கு மூச்சுமுட்டலாக இருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் விளக்கு வைத்த நேரத்தில் மனசு கேட்காமல் பெட்டியைப் போட்டேன். குமிழ் அதே ஐந்தரையில்தான் இருந்தது. பாடினேன். மேல் ஸட்ஜம் வந்தது, நின்றது.

"குரல் வந்துடுச்சுங்க!" என்று கூவினேன். அவர் சிரித்தார். பிறகு அண்ணாந்து பல்பைப் பார்த்தார். அது மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நான் இருந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

மறுநாள் காலையில் உட்கார்ந்தால் மறுபடியும் காற்று. பெட்டியை அணைத்துவிட்டு அழுதேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நேத்து கரண்ட் கம்மி. அதனால பெட்டியோட சுருதி இறங்கியிருந்துது. நீ பாடினது நாலரை இருக்கும்."

"அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ சிரிச்சுக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

கோபம் வந்தது. அவர்மேல்தானா, தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து பாடினது நல்லா இருந்துதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துது."

"அப்ப அதுலயே நிறுத்திக் கொடுங்க. கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் அசையக் கூடாது."

ஒரே வாரத்தில் அதற்கான பாகங்களை வாங்கிவந்து பற்றவைத்தார். கடைசியில் சுருதியைச் சரியாக எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. குமிழில் போட்டிருந்த எண்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதன்மேல் கையை வைத்து மறைத்தார்.

"நீ பாடு. உனக்கு எது சுகமோ அதுல நில்லு. நான் வந்து சேர்ந்துக்கறேன்."

கண்ணை மூடி ஸட்ஜத்தைப் பிடித்தேன். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அவர் மேலே போய், கீழே வந்து, தடுமாறித் தடுமாறி என்னிடம் வந்து சேர்ந்தார்.