கோச் மாத்திட்டாங்க

கால்பந்து அணிகளையும் அவற்றின் கோச்சுகளையும் பற்றி நாங்கள் பார்த்த படங்களும் தொடர்களும் எத்தனை இருக்கும் என்று ஒருநாள் என் கணவர் விரல்விட்டு எண்ணினார். கைவிரல் தீர்ந்து கால்விரலுக்கு வந்ததும், போதும் என்று நிறுத்தினேன். எல்லாம் மூன்று மாதத்துக்குள் பார்த்தவை. அதற்கு முன் எங்கள் வீட்டு டிவியில் செய்தியும் சமையலும்தான் ஓடும்.

காரணம் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியின் கோல்கீப்பர். போன சாரல் சீசனில், நனைந்த மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவளின் தலையும் எதிர் அணிப் பெண்ணின் முழங்காலும் மோதிக்கொண்டன. நான் கோட்டுக்கு வெளியே குடையோடு நின்றிருந்தேன். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு நிமிடம் போல அவள் கண் திறக்கவில்லை. திறந்ததும், "கோலா?" என்று கேட்டாள்.

புருவத்துக்கு மேல் நான்கு தையல். ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டர் சிரித்த முகமாக அனுப்பி வைத்தார். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. கோயிலில் யாராவது சிதறுகாய் உடைக்க வந்தால் பத்தடி தள்ளிப்போய் நின்று காதைப் பொத்திக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் போன், டிவி எதையும் பார்க்கக் கூடாது என்றிருந்தார் டாக்டர். மூன்றாவது வாரம் தினமும் கொஞ்சம் பார்க்கலாம் என்றதும் அப்பாவும் மகளும் தொடங்கினார்கள். வெளியே எங்கள் மேலகரத்தில் சாரல் அடிக்கும். உள்ளே ஏதோ ஒரு குளிர்நாட்டில், ஏதோ ஒரு கோச் மழையில் நின்று கத்திக்கொண்டிருப்பார். எனக்கு ஆரம்பத்தில் பந்தே கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பெண் எங்கே விழப்போகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது பாய்ந்தால் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

போகப்போக எனக்கும் அந்தக் கதைகள் பிடிபட்டுவிட்டன. கோச் வரும்போது அணி கடைசி இடத்தில் இருக்கும். கோச்சுக்கு வீட்டில் ஏதாவது ஒரு பிரச்சினை இருக்கும். பாதி ஆட்டத்தில் உடைமாற்றும் அறையில் ஒரு பிரசங்கம் செய்வார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டதும் ஜெயிக்கத் தொடங்குவார்கள். தமிழ்ப் படம் என்றால் கோச் முதலில் பத்து ரவுடிகளை அடிக்க வேண்டும். "இவரு எப்பதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பாரு?" என்பார் என் கணவர். பாதித் தொடரில் ஏதாவது ஒரு மேலதிகாரி கோச்சை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு, கோட்டு போட்ட புதிய ஆளைக் கொண்டுவருவார். அவருக்கு ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. அந்தக் கட்டத்தில் மூன்று பேருமே டிவியைத் திட்டுவோம்.

அம்மாக்கள் மட்டும் எல்லாப் படத்திலும் இரண்டே வகை. ஒன்று, படம் தொடங்கும் முன்பே இறந்து போட்டோவாகியிருப்பார்கள். இல்லையென்றால், போகாதே என்று மறித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் கேலரியில் வந்து நின்று அழுவார்கள்.

"நீ ரெண்டாவது வகை" என்றாள் மகள்.

"முதல் வகையா இருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும், என்னட்டி?"

"ச்சே, யாரு தோசை சுடுவா?"

இந்தப் படங்களால் நடந்த ஒரே மாற்றம், அவள் பி.டி. சாரை ‘கோச்’ என்று கூப்பிட ஆரம்பித்ததுதான். அவளைப் பார்த்து அணியே அப்படிக் கூப்பிட்டது. சாருக்கு அது பிடிக்கவில்லை. "ஏட்டி, சார்னு கூப்பிடுங்கட்டி, அது போதும்" என்பார். அவர்கள் கேட்கவில்லை.

அவர் படத்தில் வரும் கோச்சுகளைப் போல இருந்ததில்லை. பிரசங்கம் என்று எதுவும் கிடையாது. விசிலை ஒரு பழைய ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். பாதி ஆட்டத்தில் புளியங்குடி எலுமிச்சம்பழத்தை வெட்டி, உப்பு தொட்டு ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். "தண்ணி குடிங்க. உக்காராதீங்க, காலை ஆட்டிக்கிட்டே நில்லுங்க." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் மற்றவர்கள் அவளைத் தூக்க ஓடியபோது, "யாரும் தூக்காதீங்க, கழுத்த அசைக்காதீங்க" என்று தடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை சகதியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்தபடி இருந்தவர் அவர். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் முடிந்தது அதுதான்.

டாக்டர் விளையாடலாம் என்று எழுதிக் கொடுத்த வாரத்திலேயே திருச்சியில் ஒரு போட்டி வந்தது. பெற்றோர் சம்மதக் கடிதத்தை நீட்டிவிட்டு மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டேன். அவள் குதித்துக்கொண்டு போனதும் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், கூட்டிட்டுப் போங்க. ஆனா விளையாட இறக்காதீங்க. வெளியே உக்காந்து பாக்கட்டும். அவளுக்கு இது தெரிய வேண்டாம்."

"டாக்டரே சரின்னுட்டாரே மேடம்."

"அந்தச் சத்தத்த டாக்டர் கேக்கல சார்."

"சரி. நீங்க சொல்லுதத நான் கேக்கேன். ஆனா அவ என்கிட்ட நேரா கேட்டான்னா பொய் சொல்ல மாட்டேன்."

கணவரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

போகிற நாள் சனிக்கிழமை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டால் போதும், அங்கிருந்து வேனில் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். பெற்றோர் பிளாட்பாரத்துக்கு வரக் கூடாது என்பது சார் போட்ட விதி. அது என்னால் வந்த விதி. முந்தைய வருடம் ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தைலமும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டே கூட ஓடியிருக்கிறேன்.

அவளைப் பள்ளியில் விட்டு வீட்டுக்கு வந்து துணியை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது போனில் மகளின் செய்தி வந்தது. ‘அம்மா, கோச் மாத்திட்டாங்க. இங்கன ஒரே கூத்து. ரயில் இருபது நிமிஷம் லேட்டு.’

நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எங்களுக்கு ‘மாத்திட்டாங்க’ என்றால் ஒரே அர்த்தம்தான்: டிரான்ஸ்பர். காலையில் வேலைக்கு வந்த மனிதரை மத்தியானம் வேறு ஊருக்கு அனுப்புகிற உத்தரவுகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அதோடு அந்தத் தொடர்களில் வந்த கோட்டு போட்ட புதிய ஆளும் கண்முன் வந்து நின்றார். அவருக்கு என் பெண்ணின் பெயர் தெரியாது. தையல் தெரியாது. நான் போனில் சொன்னது தெரியவே தெரியாது. நேராகக் கொண்டுபோய் கோலில் நிறுத்திவிடுவார். மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சாரின் போன் பிஸி.

"நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தேன். கணவர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். தென்காசி போய் இறங்கிய பிறகுதான் அது என்னவென்று விளங்கியது. நான் நைட்டியில் இருந்தேன். மேலே ஓர் ஈரத் துண்டு, கையில் சோப்பு நுரை.

பிளாட்பாரத்தில் பதினாறு பெண்கள் பைகளின் மேல் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஷூ லேஸ் விசிலோடு சார் தலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க போகலையா?" என்றேன் மூச்சு வாங்க.

"எங்க மேடம்?"

"கோச்ச மாத்திட்டாங்கன்னு சொன்னாளே. புது ஆளு யாரு? அவர்கிட்ட சொல்லியாச்சா, என் பிள்ளைய விளையாட இறக்கக் கூடாதுன்னு?"

முறுக்கு கடிபடும் சத்தம் நின்றது. சார் கையிலிருந்த டிக்கெட் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், டி ரெண்டு பெட்டிய எடுத்துட்டு டி அஞ்சுல இடம் போட்டுருக்கான். அந்தக் கோச்சு." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் சொன்னேன், சார்னு கூப்பிடுங்கட்டின்னு!"

பதினைந்து பேர் சிரித்தார்கள். டீ விற்கிற அண்ணாச்சிகூடச் சிரித்தார். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மகள் எழுந்து வந்து சாரின் முன்னால் நின்றாள்.

"சார்." அன்றைக்குக் கோச் என்று கூப்பிடவில்லை. "என்னை இறக்க மாட்டீங்களா?"

சார் பொய் சொல்லவில்லை. எனக்காக உண்மையையும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மகள் என் பக்கம் திரும்பினாள். புருவத்துக்கு மேலே தழும்பு சிவந்திருந்தது. "அம்மா, நான் சும்மா உக்காரப் போறதுக்கா ரெண்டு மாசம் டாக்டர் சொன்னத எல்லாம் கேட்டேன்? உனக்குப் பயமா இருந்தா என்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

பயமாக இருக்கிறது என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை கோச்சுகள் அத்தனை பிரசங்கம் செய்ததைக் கேட்டிருக்கிறேன். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "பயமாத்தாம்ட்டி இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள்.

கடையநல்லூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற அந்த ரயில் செங்கோட்டையிலிருந்து வரும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பைகளை எடுத்தார்கள். நான் சாரிடம், "நான் போன்ல சொன்னத விட்டுருங்க சார். உங்களுக்குச் சரின்னு பட்டா இறக்குங்க" என்றேன். சொல்லும்போது துண்டின் முனையைப் பிழிந்துகொண்டே இருந்திருக்கிறேன். சோப்புத் தண்ணீர் காலில் சொட்டியது.

"சரி மேடம்" என்றார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி, "எல்லாரும் தண்ணி பாட்டில் எடுத்தாச்சா? டி அஞ்சு, டி அஞ்சு, ஓடுங்க!" என்றார்.

ரயில் நகரும்போது நான் கூட ஓடவில்லை. நைட்டியில் ஓடவும் முடியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. பிறகு தான் தமிழாசிரியரின் மகன் என்பதைக் காட்டினார். "மனுஷனா இருந்தா ‘கோச்சை’ன்னு எழுதியிருப்பா. வெறும் ‘கோச்’சுன்னா பெட்டிதான். ஒரு ‘ஐ’ இல்லன்னதும் உனக்கு விளங்க வேண்டாமா?"

மறுநாள் மத்தியானம் வரை நான் எதையும் முழுதாகச் செய்யவில்லை. சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். மூன்று மணிக்கு மகளின் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"அம்மா, தோத்துட்டோம். ரெண்டு கோல் விட்டுட்டேன். ஒண்ணு என் தப்புதான். ஆனா நாலு தடுத்தேன், ஒண்ணு அப்படியே பாய்ஞ்சு..."

"தலை?" என்றேன்.

"தலை இருக்கு" என்றாள். "எலுமிச்சம்பழம்தான் தீந்துட்டு."