படிக்கட்டுக்காரர்களும் சாய்சரணின் இடது கையும்

சாய்சரணுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் படிக்குப் பக்கத்தில்தான் நிற்பான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். "உன் கால்ல என்னடா, மோட்டார் வெச்சிருக்கா?" என்று அவன் அம்மா விசாலாக்ஷி ரசத்தை விட்டுக்கொண்டே கேட்பாள். பள்ளிக்கூடம் முடிந்த நாளிலிருந்தே அப்படித்தான். எங்கேயோ போய்ச் சேர வேண்டும், அது எங்கே என்று யாரும் சொல்லவில்லை என்பது போன்ற ஒரு தவிப்பு. பாஸ்கெட்பால் மைதானத்தில் மட்டும் அந்தத் தவிப்புக்கு ஒரு வேலை இருந்தது.

அந்த நாட்களில் சென்னையில் பந்து நன்றாக ஆடுகிறவனுக்கு உத்தியோகம் கிடைக்கும். வங்கிகளும் அலுவலகங்களும் தங்களுக்கென்று அணி வைத்திருந்தன. அப்படி ஒரு வங்கியின் அணியில் சாய்சரணைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மாதம் ஒரு சின்னத் தொகை, ஒரு பனியன், ஒரு ஜோடி ஷூ. அவனோடு சாந்தோம் மீனவர் குப்பத்து வேலுவையும் எடுத்திருந்தார்கள். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் இருவரில் ஒருவனுக்குத்தான் நிரந்தர வேலை. இதை வங்கியின் விளையாட்டுப் பொறுப்பாளர் சங்கரன் முதல் நாளே இருவரையும் சேர்த்து நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் வேலு சிரித்தான். "மச்சி, நீ தடுக்கி வுழுந்தா நான் தூக்க மாட்டேன். இப்பவே சொல்ட்டேன்." ஆனால் அன்று டீக்குக் காசு கொடுத்தது அவன்தான்.

அணி தி.நகரில் ஒரு மாநகராட்சித் திடலில் ஆடும். சிமெண்டுத் தரை, ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் தினமும் சாயங்காலம் ஒரு கூட்டம் உட்காரும். ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும் வரும். அவர்களில் ஒருவர்கூடப் பந்தைக் கையால் தொட்டவர் இல்லை. ஆனாலும் எந்த ஆட்டக்காரனுக்கு என்ன கோளாறு என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். கேபிள் டி.வி. வந்து விடியற்காலையில் அமெரிக்க ஆட்டங்கள் தெரிய ஆரம்பித்த பிறகு அவர்களுடைய கண்டிப்பு இன்னும் கூடிவிட்டது.

படிக்கட்டில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். பாண்டி பஜார் பக்கம் பை தைக்கும் கடை வைத்திருந்த பீர் முஹம்மது ஒருவர். பஸ் கண்டக்டர் கோதண்டபாணி இன்னொருவர். கோதண்டபாணி டியூட்டி முடிந்து தோல் பையும் விசிலுமாக நேரே திடலுக்கு வந்துவிடுவார். அவர் கோபத்தில் ஒருமுறை விசிலை ஊத, நடுவர் ஊதினார் என்று நினைத்து இரண்டு அணியும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு விசிலைக் கழற்றி நடுவரிடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் உட்கார வேண்டும் என்று ஆகிவிட்டது.

சாய்சரணின் கோளாறைப் பிடித்ததும் அவர்தான்.

"தம்பி, நீ எப்பப் பாத்தாலும் ரைட்லதான் போறே. ஒன்வே மாதிரி. எதிர் டீம்காரன் அங்க ஒருத்தன நிறுத்திட்டா முடிஞ்சுது உன் கத. உன் பீச்சாங்கைய இன்னா, வாடகைக்கு வுட்டுக்கிறியா?"

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. சாய்சரணுக்குக் காது சுட்டது. ஆனால் அது உண்மை. இடது கையால் பந்தைத் தட்டினால் அது அவன் பேச்சைக் கேட்பதில்லை.

"கையி பழகணும்னா ஆட்டத்துல பழகாது நைனா," என்றார் பீர் முஹம்மது. "ஊட்ல பழகணும். பல்லு வெளக்கறது, தண்ணி மொள்றது, பூட்டு தொறக்கறது, எல்லாம் லெப்ட்ல பண்ணு. நாளைக்குக் கடையாண்ட வா."

மறுநாள் போனபோது கெட்டி கான்வாஸில் ஒரு நீளப் பை தைத்து வைத்திருந்தார். வலது கையை முழங்கை வரை அதற்குள் விட்டு இடுப்போடு நாடாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற இரட்டைத் தையலே போட்டிருந்தார்.

சாய்சரண் அதைத் தினமும் காலையில் கட்டிக்கொண்டான். இடது கையால் பல் துலக்கினான். அடிபம்பில் தண்ணீர் அடித்தான். மாடவீதியில் பால் வாங்கப் போகும்போது இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். விசாலாக்ஷிக்கு அந்தக் கோலம் பிடிக்கவே இல்லை. "கை ஒடிஞ்சவன் மாதிரி தெருவுல போய்ண்டு இருக்கியே, கேக்கறவாளுக்கு நான் என்னடா சொல்றது? தோ பாரு, சாப்பிடறச்சே மட்டும் அதக் கழட்டிடணும். என் ஆத்துல இடது கையால சாதம் பெசஞ்சேன்னா தட்ட எடுத்துண்டு போய்டுவேன்." சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றினான். மற்றதெல்லாம் இடது கை.

கை மெல்ல வசப்பட்டது. ஒரு நாள் பயிற்சியில் இடது பக்கம் போய் ஒரு கூடை போட்டான். கோதண்டபாணி எழுந்து நின்று, "ஆங், அதான்! அதான்!" என்று கத்தினார். சாய்சரண் அன்று வீட்டுக்கு சைக்கிளில் போகவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினான்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

வங்கியில் கணக்கு இயந்திரங்களுக்கும் பீரோக்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். அணிக்காரர்களும் வந்தாக வேண்டும். பந்துக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து சங்கரன் தன் கையால் ஒவ்வொருவருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பட்டையாக விபூதி, புது வேஷ்டி. வேலு வாங்கிக்கொண்டு நகர்ந்தான். அடுத்து சாய்சரண். கை தானாக நீண்டது, இடது கை.

சங்கரன் கை பாதியில் நின்றது. பொட்டலத்தைப் பக்கத்து மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பின்னாலிருந்து யாரோ, "பிரசாதத்தக்கூடப் பீச்சாங்கையாலயா?" என்று முணுமுணுத்தது ஹால் முழுக்கக் கேட்டது.

அன்று சாயங்காலமே அவன் கான்வாஸ் பையைப் பீர் முஹம்மதுவின் மேஜையில் போட்டான். "போதும் பாய். உங்க பேச்சக் கேட்டு என் வேலை போச்சு." நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதும் கடைக்குள்ளே அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தான். பீர் முஹம்மது தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கடைசி ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய பயிற்சிகளில் அவன் இடது பக்கமே போகவில்லை. படிக்கட்டு அமைதியாகிவிட்டது. அவர்கள் திட்டாமல் இருந்தது திட்டியதைவிட அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை புதுப் பனியன் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட வங்கிக்குப் போனவன் சங்கரன் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே பீர் முஹம்மதுவும் கோதண்டபாணியும் நின்றுகொண்டிருந்தார்கள். கோதண்டபாணி காக்கிச் சட்டையிலேயே வந்திருந்தார்.

"யாருய்யா நீங்க? அக்கவுண்ட் இருக்கா?" என்றார் சங்கரன்.

"இல்ல சார். நாங்க சாய்சரண் விஷயமா வந்தோம்," என்றார் பீர் முஹம்மது. "அன்னிக்கு லெப்ட் கைய நீட்டிட்டான்ல, அது எங்க தப்பு சார். நாங்கதான் பழக்கச் சொன்னோம். புள்ள மரியாத தெரிஞ்ச புள்ள."

"ஏன் பழக்கச் சொன்னீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கோதண்டபாணி ஒரு அடி முன்னால் வந்தார்.

"லெப்ட்ல போவவே மாட்டான் சார். சுத்தமா வராது. அதுவும் இல்லாம பிரீ த்ரோல அவசரப்படுவான். நடுவர் பந்த கையில குடுக்கறதுக்குள்ளயே போட்டுடுவான்."

"டிபன்ஸ்ல ஆள வுட்டுடுவான்," என்றார் பீர் முஹம்மது, தன்னை மறந்து. "பந்து எங்க போவுதோ அங்கயே பாத்துக்கினு நிப்பான்."

"ரெண்டாவது பாதில மூச்சு வாங்கும்."

"தோத்துட்டா ரெண்டு நாள் ஊட்டுக்கு வெளிய வர மாட்டான்."

வெளியே சாய்சரணுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே ஓடிப்போய் இரண்டு பேர் வாயையும் பொத்தலாமா என்றுகூட நினைத்தான். கால் வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடுவே அலைந்தது.

சங்கரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவ்வளவு கோளாறு இருக்கறவன நான் எதுக்குய்யா எடுக்கணும்?"

அப்போதுதான் இருவருக்கும் தாங்கள் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. கோதண்டபாணி தோல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பீர் முஹம்மதுதான் சொன்னார்: "சொன்னா கேட்டுக்குவான் சார். மத்த பசங்க மொறப்பானுங்க. இவன் கேட்டுக்கினு போயி செஞ்சு பாப்பான். அதான் கையி தானா நீண்டுச்சு."

"ஞாயித்துக்கிழம பாக்கலாம். போங்க," என்றார் சங்கரன்.

சாய்சரண் அவர்கள் கண்ணில் படாமல் மாடிப்படிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். அவர்கள் போன பிறகு பாண்டி பஜார் வரைக்கும் பின்னாலேயே போனான். பீர் முஹம்மது கடையைத் திறந்ததும் எதிரே போய் நின்றான். "பையக் குடுங்க பாய்."

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் இடமில்லை. எதிர் அணி இன்னொரு வங்கி. எல்லாரையும் போல அவர்களும் அவனுடைய வலது பக்கத்தில் ஓர் உயரமான ஆளை நிறுத்தினார்கள். முதல் பாதியில் சாய்சரண் இடது பக்கம் போனான். அந்த ஆள் திரும்புவதற்குள் பந்து கூடைக்குள் இருந்தது. இரண்டாவது பாதியில் மறுபடியும் போனான், மறுபடியும் கூடை. படிக்கட்டு தரையை உதைத்தது. சங்கரன் ஸ்கோர் மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் சாய்சரணின் அணி ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தது. பந்து சாய்சரண் கையில். இந்தக் கூடை விழுந்தால் ஜெயம். படிக்கட்டு ஒரே குரலாகக் கத்தியது. "லெப்டு! சாய், லெப்டு!" அவன் இடது பக்கம் பாய்ந்தான். இப்போது அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எம்பிப் பந்தை எறிந்தான். பந்து வளையத்தின் மேல் உருண்டது, நின்றது, வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்று நடுவர் விசில் ஊதிவிட்டார்.

தோற்றுப்போனார்கள்.

அவன் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வங்கியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். சங்கரன் ஒரு தாளை நீட்டினார். அடையாறு கிளையில் கிளார்க், நிரந்தரம். "ரெண்டு பக்கமும் போறவன் எனக்கு வேணும். கடைசிப் பந்து போகட்டும், அது யாருக்கும் நடக்கறதுதான்." சாய்சரண் வலது கையால் வாங்கிக்கொண்டான்.

அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் கிளம்பினான். ஆனால் சைக்கிள் பாண்டி பஜாரில் நின்றது. பீர் முஹம்மது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். பாதி டீ குடித்ததும், "ஆனா ஒண்ணு," என்றார்.

"சொல்லுங்க பாய்."

"அந்தக் கடேசி பந்து. ரெண்டு பேரு உன்மேல வந்துட்டானுங்க இல்ல? அப்ப கூடைக்குக் கீழ வேலு தனியா நின்னுக்கினு கீறான். குடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

சாய்சரண் டம்ளரைக் கீழே வைத்தான். "குடுத்திருந்தா வேலை அவனுக்குப் போயிருக்கும் பாய்."

"அது எனக்குத் தெரியாதுபா. நா ஆட்டத்தப் பத்திச் சொன்னேன்."

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிளை மிதித்தான். லஸ் முனையில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனான். கச்சேரி சாலை தாண்டி, சர்ச் தாண்டி, சாந்தோம் குப்பத்தில் இறங்கினான். வேலு மணலில் உட்கார்ந்து அவன் அப்பாவின் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வந்துடுச்சா? குடு, பாக்கறேன்." தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அடையாறா? உனுக்குப் பக்கம்தான்."

"வேலு, கடைசியில நீ நின்னத நான் பாக்கலடா. சத்தியமா."

"தெரியும்."

"பாத்திருந்தா குடுத்திருப்பேன்."

வேலு வலையைக் கீழே போட்டான். "எத்தினி வாட்டி கூப்ட்டேன் தெரியுமா? சாய், சாய்னு தொண்ட கிழிய. படிக்கட்டுல கத்துனது காதுல வுழுந்துச்சுல்ல? பக்கத்துல கத்துனவன் வுழலியா?"

சாய்சரண் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். படிக்கட்டில் யார் யார் என்னென்ன கத்தினார்கள் என்பது அவனுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. வேலுவின் குரலை மட்டும் எவ்வளவு தேடியும் அந்த நிமிஷத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி, மூஞ்சிய அப்படி வெச்சுக்கினு நிக்காத," என்றான் வேலு. "வேற ஒரு டீம்ல கூப்ட்டிருக்காங்க. அடுத்த சீசனுக்கு எதிர்லதான் வருவேன். உன் லெப்டு எனக்குத் தெரியும் மச்சி, உன் ரைட்டும் தெரியும். ரெண்டையும் அடைப்பேன்."

மறுபடி வலையை எடுத்துக்கொண்டான். சாய்சரண், அவன் வாழ்க்கையில் அபூர்வமாக, சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்து வலையின் மறு முனையைப் பிடித்தான். முடிச்சு எதுவும் அவன் கைக்கு அவிழவில்லை.